ஹெட் வேலை முடிந்த பழைய டீசல் வேன்: முள்ளை எவ்வளவு நம்பலாம்?

பட்டறையிலிருந்து வேன் வெளியே வரும்போது, டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் நிற்கும். மெக்கானிக் அதைக் காட்டி, "பாத்தீங்களா, அசையவே இல்ல" என்பார். அசையாமல் நிற்பதுதான் சந்தேகப்பட வேண்டிய விஷயம். ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தகடு), வாட்டர் பம்ப், ரேடியேட்டர் என்று எதை மாற்றியிருந்தாலும், பார்த்த வேலை தேறியதா என்பது அதன் பிறகு ஓடும் முதல் ஆயிரம் கிலோமீட்டரில்தான் தெரியும். அந்த ஆயிரத்தில் இன்ஜின் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று எண்ணாகத் தெரியாமல் ஓட்டினால், கோளாறு தெரியவரும் நாளில் ஹெட் மறுபடி மேஜை மேல் இருக்கும்.

முள் ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு மூன்று காரணம். சில வண்டிகளில் மீட்டரை வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். 75 டிகிரியிலிருந்து 100 தாண்டும்வரை முள் நடுவிலேயே நிற்கும், அப்புறம் ஒரேயடியாகச் சிவப்புக்குத் தாவும். மேடு ஏறும்போது முள் ஏறி இறங்குவதைப் பார்த்து ஓட்டுபவர்கள் பயப்படக்கூடாது என்று செய்த ஏற்பாடு அது. இரண்டாவது, எர்த். பழைய வேன்களில் டெம்பரேச்சர் சென்சாருக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வயர்தான். திரும்பும் வழி சென்சாரின் மரைவழியாக இன்ஜினுக்குப் போகிறது. ஹெட் வேலையின்போது சென்சாரைக் கழற்றி, ஒழுகக்கூடாது என்று டெஃப்லான் டேப்பைப் பத்துச் சுற்று சுற்றி முறுக்கிவிட்டால் அந்த எர்த் பலவீனமாகிவிடும். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை சென்சார் இது. எர்த்தில் கூடுதல் ரெசிஸ்டன்ஸ் சேர்ந்தால் மீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். முள் நன்றாக நிற்கும், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்.

மூன்றாவதுதான் மோசமானது. சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) முழுவதும் போய்விட்டால் சென்சாரைச் சுற்றிக் காற்றும் ஆவியும்தான் மிஞ்சும். அப்போது முள் மேலே போகாமல் கீழே இறங்கும். "சூடு குறைஞ்சிடுச்சு" என்று நினைத்து இன்னும் நான்கு கிலோமீட்டர் ஓட்டியவர்களின் ஹெட்கள்தான், வளைந்த ஹெட்டைச் சமதளமாகத் தேய்க்கும் ஃபேஸிங் கடைகளில் வரிசையாகக் கிடக்கின்றன. ஏற்றத்தில் முள் திடீரென்று இறங்கினால், அது ஏறியதைவிட அவசரமாக வண்டியை ஓரங்கட்ட வேண்டிய நேரம்.

மீட்டரை முதலில் சோதியுங்கள்

அரை மணி நேர வேலை. இன்ஜின் ஆறியிருக்கும்போது சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையை ஒரு பிளக்கால் அடைத்துவிடுங்கள். சென்சாரின் வயரைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு, அதன் உடம்பிலிருந்து இன்னொரு வயரை இன்ஜின் பிளாக்கில் எர்த் செய்யுங்கள். சமையலுக்குப் பயன்படாத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, சென்சாரின் பித்தளைப் பகுதி மட்டும் மூழ்கும்படி தொங்கவிட்டு, பக்கத்திலேயே ஒரு தெர்மாமீட்டரையும் தொங்கவிடுங்கள். இரண்டும் பாத்திரத்தின் அடியில் படக்கூடாது. சாவியை ஆன் செய்து மெல்லச் சூடேற்றி, 70, 80, 85, 90, 95 டிகிரிகளில் முள் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர் 100-க்கு மேல் போகாது. 105 வரை பார்க்க வேண்டுமானால் பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து, திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். எத்திலீன் கிளைக்கால் விஷம், அந்தப் பாத்திரத்தைப் பிறகு வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

முடிந்ததும் மீட்டர் கண்ணாடியில் 85-க்கும் 95-க்கும் 105-க்கும் மெல்லிய டேப் துண்டு ஒட்டிவிட்டால் அந்த மீட்டருக்கு ஓர் அர்த்தம் வந்துவிடும். மூன்று புள்ளிகளும் ஒரே இடத்தில் வந்து விழுந்தால் உங்களுடையது நடுவில் நிற்கும் ரகம். அதை வெறும் அலங்காரமாக நினைத்துக்கொண்டு வேறு மீட்டருக்குப் போங்கள்.

ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் நகர்ந்தால் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையைப் பாருங்கள். இன்ஜின் வேலை முடித்து அதை மாட்ட மறப்பது சகஜம். டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஜோடியாக உயர்ந்தால், மீட்டர்களுக்குப் பின்னாலிருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் போய்விட்டது என்று பெரும்பாலும் தைரியமாகச் சொல்லலாம்.

இரண்டாவது கண்

பழைய டீசல் வேனுக்குச் செலவிட ஒரே ஒரு கருவிதான் என்றால், உலோகச் சூட்டை அளக்கும் அலாரத்தைத்தான் சொல்வேன். வளையம் போன்ற சென்சார் ஒன்றை சிலிண்டர் ஹெட்டிலோ, தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) ஹவுசிங் பக்கத்திலோ இருக்கும் ஒரு சின்ன போல்ட்டின் அடியில் மாட்டுவார்கள். ஹெட் போல்ட்டின் அடியில் மாட்டக்கூடாது, அதன் முறுக்கு அளவு (டார்க்) கெட்டுவிடும். இந்த சென்சார் தொட்டுக்கொண்டிருப்பது இரும்பையோ அலுமினியத்தையோ. தண்ணீர் முழுவதும் போனாலும் அது உண்மையைத்தான் சொல்லும். மாட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி உலோகம் தெரியும்படி செய்யுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் வேண்டாம்.

கூலன்ட் சூட்டைக் காட்டும் தனி மீட்டர் போடுபவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை வெட்டி அடாப்டர் போட்டு, அதில் சென்சாரை மாட்டுவது முதலாவது. தெர்மோஸ்டாட் திறக்கும்வரை அந்த ஹோஸில் ஓட்டமே கிடையாது. தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டால், எந்தக் கோளாறுக்காக மீட்டர் வாங்கினீர்களோ அந்தக் கோளாறின்போது அது குளிர்ச்சியாகவே காட்டும். ஹெட்டிலேயே மரை உள்ள இடம் கிடைத்தால் அங்கே, இல்லாவிட்டால் ஹெட்டிலிருந்து ஹீட்டருக்குப் போகும் ஹோஸில் மாட்டுங்கள். இரண்டாவது தவறு, ரப்பர் ஹோஸுக்கு நடுவில் நிற்கும் அலுமினிய அடாப்டருக்கு எர்த் கொடுக்க மறப்பது. ரப்பர் கரண்ட்டைக் கடத்தாது. அடாப்டர் உடம்பிலிருந்து ஒரு வயரை இன்ஜினுக்குக் கட்டாயம் இழுக்க வேண்டும்.

வயரிங்கே வேண்டாம் என்பவர்களுக்கு, செம்புக் குழாயோடு வரும் பழைய மெக்கானிக்கல் மீட்டர் இன்னும் கிடைக்கிறது. பாட்டரி செத்தாலும் காட்டும். குழாய் மட்டும் நெரியக்கூடாது. நெரிந்தால் மொத்தமும் வீண்.

தொடாமலேயே சூட்டை அளக்கும் தெர்மல் கன் வைத்திருப்பவர்கள் அதைப் பளபளப்பான அலுமினியத்தில் பிடிக்காதீர்கள். 90 டிகிரி ஹவுசிங் 50 என்று கூடக் காட்டும். அளக்கும் இடத்தில் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அளந்தால் கணக்குச் சரியாக இருக்கும். கன்னில் 12-க்கு 1 என்று போட்டிருந்தால், 12 செ.மீ. தூரத்தில் 1 செ.மீ. வட்டத்தின் சராசரியைப் படிக்கிறது என்று அர்த்தம். சிவப்புப் புள்ளி வெறும் குறி காட்டுவதுதான். ஓடும் இன்ஜினில் அளக்கும்போது சட்டைக் கையும் துண்டும் ஃபேனுக்குப் பக்கத்தில் தொங்கக்கூடாது.

காற்றை வெளியேற்றும் வரை எந்த எண்ணும் செல்லாது

வேலை முடிந்த முதல் இரண்டு நாள் சூடு ஏறுவதற்குப் பாதி காரணம் ஏர் லாக், அதாவது குழாய்களுக்குள் சிக்கிய காற்று. வேனில் ஹீட்டர் குழாய்கள் நீளம். பின் சீட்டுக்கும் ஹீட்டர் இருந்தால் இன்னும் நீளம். இன்ஜின் சீட்டுக்கு அடியிலோ பின்னாலோ இருக்கும் வேன் என்றால் குழாய் வண்டியின் நீளம் முழுக்க ஓடும். ரேடியேட்டர் வாய் மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக இருக்க, முன்பக்கத்தை ஒரு சரிவில் ஏற்றி நிறுத்துங்கள். ரேடியேட்டர் பின்னால் இருந்தால் எந்தப் பக்கத்தைத் தூக்க வேண்டும் என்று மேனுவலைப் பாருங்கள். ஹீட்டர் குமிழ் முழு சூட்டில் இருக்கட்டும். கூலன்ட்டை மெல்ல, நூல் போல ஊற்றுங்கள். காற்று வெளியேற்றும் ஸ்க்ரூ இருந்தால் குமிழி நின்று வெறும் திரவம் வரும்வரை திறந்துவையுங்கள். ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் உள்ளே பதுங்கிய காற்று "களக் களக்" என்று வெளியே வரும்.

பிறகு மூடியில்லாமல் ஐடிலில் ஓட விடுங்கள். டீசல் இன்ஜின் ஐடிலில் சீக்கிரம் சூடாகாது, இருபது நிமிடமாவது பிடிக்கும். ஆயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம்மில் பிடித்தால் கொஞ்சம் வேகமாகும். மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும் நொடியில் தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது. மட்டம் சரசரவென்று இறங்கும், நிரப்பி மூடுங்கள். மூடியில் 0.9 பார் என்றோ 13 பி.எஸ்.ஐ. என்றோ எழுதியிருப்பது மேனுவலில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று அப்போதே பாருங்கள். அந்த அழுத்தம் இருந்தால் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடி என்றால் 100-லேயே கொதித்து, நல்ல ஹெட் கேஸ்கெட்டின் மேல் பழி விழும்.

அடுத்த மூன்று காலைகளில் இன்ஜின் ஆறிய நிலையில் மட்டம் சிறிது இறங்கலாம், மொத்தம் அரை லிட்டருக்குள். அது மிஞ்சிய காற்று வெளியேறியது. நான்காவது நாளுக்குப் பிறகும் இறங்கினால் ஒழுகுகிறது, அல்லது உள்ளே எரிகிறது. கூலன்ட் டப்பாவின் மேல் மார்க்கரால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கண் அளவில் "அப்படியேதான் இருக்கு" என்று தோன்றும், கோட்டுக்கு அந்தத் தோற்றமெல்லாம் கிடையாது. முதல் முறை நன்கு சூடாகி ஆறிய பிறகு எல்லா ஹோஸ் கிளாம்புகளையும் ஒரு தடவை இறுக்குவதை மறக்காதீர்கள்.

உங்கள் வண்டியின் சொந்த எண்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, வெளிச் சூடு, சாலை, லோடு, கூலன்ட் டிகிரி, உலோக டிகிரி. 82 டிகிரி தெர்மோஸ்டாட் உள்ள ஆரோக்கியமான பழைய டீசலில் எதிர்பார்க்கலாம் என்று நான் கருதும் எண்கள் இவை: ஐடிலில் 80-க்கும் 85-க்கும் இடையில், சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் 83 முதல் 88, நீண்ட ஏற்றத்தில் லோடோடு 92 முதல் 98. ஏற்றம் முடிந்து சமதளம் வந்ததும் மூன்று நான்கு நிமிடத்தில் பழைய எண்ணுக்குத் திரும்ப வேண்டும். எவ்வளவு உயரம் போனது என்பதைவிட இறங்க எவ்வளவு நேரமாயிற்று என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 96 வரை போய் உடனே இறங்கும் வண்டியைவிட, 92-க்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொள்ளும் வண்டிக்குத்தான் ரேடியேட்டர் போதவில்லை.

இங்கே பலர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. 82-ல் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 95-ல் முழுவதும் திறந்துவிடும். அதற்கு மேல் அதனால் செய்ய எதுவும் இல்லை. அங்கிருந்து வெளிச் சூடு ஒரு டிகிரி ஏறினால் கூலன்ட்டும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். வெளியே 24 டிகிரி இருந்த காலையில் ஏற்றத்தில் 97 காட்டியது என்றால் இடைவெளி 73. அதே ஏற்றம், அதே லோடு, வெளியே 38 டிகிரி என்றால் 111-ஐத் தொடும். குளிர்காலத்தில் வேலை பார்த்து, "ஒரு பிரச்சினையும் இல்ல" என்று ஓட்டிய வண்டி கோடையில் கொதிப்பது இதனால்தான். நோட்டில் வெளிச் சூட்டையும் எழுதச் சொன்னது இதற்காகவே. இடைவெளி எவ்வளவு என்று குறித்து வைத்தால் கோடையை இப்போதே பார்த்துவிடலாம்.

அலாரத்தை இந்த எண்களை வைத்தே அமைக்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டி, வந்த அதிகபட்ச எண்ணோடு 6 அல்லது 7 டிகிரி கூட்டி வையுங்கள். கடையிலிருந்து வந்தபடி 120-ல் விட்டுவைத்தால், அது கத்தும்போது கேஸ்கெட் ஏற்கனவே ஊதியிருக்கும்.

எண் தப்பாக வந்தால் எங்கே பார்ப்பது

நிற்கும்போதும் நெரிசலில் ஊரும்போதும் சூடாகி, வேகம் எடுத்ததும் இறங்கினால் காற்று போதவில்லை. ஃபேன், பெல்ட், ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் இடையில் அடைந்த மண்ணும் பூச்சியும். அந்த இடுக்கு வெளியிலிருந்து தெரியாது, டார்ச் அடித்துப் பாருங்கள். விஸ்கஸ் ஃபேன் (உள்ளே இருக்கும் எண்ணெயின் பிடிப்பில் சுழல்வது) என்றால், இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அணைத்துவிட்டுக் கையால் சுழற்றுங்கள். பிசுபிசுவென்று எதிர்க்க வேண்டும். பொம்மைக் காற்றாடி போல நாலு சுற்று சுற்றினால் உள்ளே இருக்கும் சிலிக்கான் எண்ணெய் போய்விட்டது. இன்ஜின் ஓடும்போது எதையும் விட்டு நிறுத்திப் பார்க்கும் வேலை வேண்டாம்.

நெரிசலில் சும்மா இருந்து, நெடுஞ்சாலையிலும் ஏற்றத்திலும் மட்டும் ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் அளந்து பாருங்கள். மேலே 98, கீழே 60 என்றால் தண்ணீர் தவழ்ந்து போகிறது. உள்ளே உப்பு அடைத்திருக்கும், தெர்மோஸ்டாட் அரைகுறையாகத் திறந்திருக்கும், அல்லது தண்ணீரைத் தள்ளும் சக்கரம் (இம்பெல்லர்) பம்பின் தண்டில் வழுக்கும். மேலே 98, கீழே 94 என்றால் ஓட்டம் இருக்கிறது, காற்று இல்லை. கீழ் ஹோஸை ஒருவர் பார்க்க, இன்னொருவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கட்டும். பம்ப் உறிஞ்சும் வேகத்தில் ஹோஸ் சப்பையாகிறதா? உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும், அல்லது ஹோஸ் மாற்றும்போது பழைய ஹோஸோடு குப்பைக்குப் போயிருக்கும்.

சூடு குறைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வைத்தியம் இன்னும் பல பட்டறைகளில் நடக்கிறது. பல டீசல் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் பைபாஸ் வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும், ஏற்றத்தில் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். சமதளத்திலோ 60 டிகிரியில் ஓடி, டீசலையும் குடித்து சிலிண்டரையும் தேய்க்கும். சந்தேகம் இருந்தால் கழற்றி, அதே பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். 82-ல் வாய் திறக்கத் தொடங்கி, 95-ல் சுமார் 8 மி.மீ. திறந்தால் நல்லது. மாட்டும்போது மெழுகு உருளையும் ஸ்பிரிங்கும் இன்ஜின் பக்கம், ஆடும் சின்ன ஆணி மேலே.

கேஸ்கெட் மறுபடி போயிருக்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று காலையில் செய்வது. இரவு முழுவதும் ஆறிய வண்டியின் மேல் ஹோஸை அமுக்குங்கள். மெத்தென்று இருக்க வேண்டும். இரவெல்லாம் ஆறியும் இறுக்கமாக, மூடியைத் திறந்ததும் "புஸ்" என்றால் சிலிண்டர் வாயு உள்ளே போகிறது. ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள், தண்ணீர் இன்னும் பச்சைத் தண்ணீராக இருக்கும்போதே ஹோஸ் கல் போல ஆனாலும் அதே கதைதான். கூலன்ட்டில் சிலிண்டர் வாயு கலந்தால் நீல நிறத் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும் சோதனையை டீசலில் ஐடிலில் செய்து "ஓகே" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஐடிலில் டீசல் புகையில் கார்பன் டை ஆக்சைடு குறைவு. நன்றாக லோடில் ஓட்டிவந்த சூட்டோடு, ஆர்பிஎம் ஏற்றி வைத்துச் செய்ய வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஏற்றத்தில் மட்டும் சூடு என்றால் டீசல் பம்ப் பக்கம் திரும்புங்கள். ஹெட் கழற்றி மாட்டியபோது டீசல் பீய்ச்சும் நேரம் (டைமிங்) தள்ளிப்போயிருக்கலாம். தாமதமாக எரிந்தால் சூடு எக்ஸாஸ்ட்டுக்கும் ஹெட்டுக்கும் போகும். ஏற்றத்தில் கரும்புகை தள்ளினால் டீசல் அளவுக்கு மேல் போகிறது. பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கையும் இந்த நேரத்தில் பார்த்துவிடுங்கள். சக்கர டிரம்மின் மேல் தெர்மல் கன்னைக் காட்டினால் ஒன்று மட்டும் தனியாகக் கொதிப்பது தெரிந்துவிடும்.

ஓட்டத்தில் ஏறினால்

100 தாண்டியதும் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு சூட்டிலும் முழு ஃபேனிலும் வையுங்கள். ஒரு கியர் குறைத்து, ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துங்கள். பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும், லோடு குறையும். ஹீட்டரிலிருந்து அனல் வந்தால் தண்ணீர் சுற்றுகிறது. எண் மேலே இருக்க, ஹீட்டர் குளிர்ந்த காற்றை ஊதினால் தண்ணீர் இல்லை. அந்த நொடியே ஓரங்கட்டி அணைக்க வேண்டும். 105 தாண்டினாலும் நிறுத்துங்கள். தண்ணீர் இருப்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது நல்லது. சட்டென்று அணைத்தால் ஓட்டம் நின்று, ஹெட்டில் சூடு இன்னும் சில டிகிரி ஏறும். ஐடிலிலும் எண் ஏறிக்கொண்டே போனால் காத்திருக்காமல் அணைத்துவிடுங்கள்.

மேல் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டே இருக்க முடியும் அளவு ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். அதன் பிறகும் தடித்த துணி போட்டு, கால் திருப்பு மட்டும் திருப்பி, சத்தம் அடங்கிய பிறகு கழற்றுங்கள். ஆறாத இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் வளையும், வால்வுகளுக்கு இடையில் விரிசலும் விழும்.

ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் ஹெட் போல்ட்டை மறுபடி டார்க் வைக்கச் சொல்லும் இன்ஜின் என்றால், மேனுவல் சொல்லும் நிலையில், ஆறியோ சூடாகவோ, வைத்து வால்வு கிளியரன்ஸும் பார்த்துவிடுங்கள். கோணம் வைத்து முறுக்கும் நீளும் வகை போல்ட் என்றால் தொடவே வேண்டாம். அன்றைக்கும் அதே ஏற்றத்தில் ஒரு முறை ஓட்டி, வெளிச் சூட்டுக்கும் கூலன்ட்டுக்கும் உள்ள இடைவெளியை நோட்டின் முதல் பக்கத்து எண்ணோடு வைத்துப் பாருங்கள்.